அமெரிக்காவில் புதிய பிக்கப் டிரக்: டீலரிடம் விலை பேசி வாங்குவது எப்படி?

அமெரிக்காவுக்கு வந்து சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ ஆகி, இப்போது புதிய பிக்கப் டிரக் ஒன்றை வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பேரம் பேசுவது நமக்குப் புதிதல்ல. ஆனால் இங்கே டீலர் கடையில் வண்டியின் விலை, பழைய வண்டியின் மதிப்பு, கடன் வட்டி, மாதத் தவணை, கூடுதல் பொருள்கள் என ஐந்து கணக்குகளை ஒரே மேசையில் கலந்து வைக்கிறார்கள். ஒன்றில் நீங்கள் குறைத்து வாங்கியதை இன்னொன்றில் கூட்டிவிட முடியும். நான் முதலில் போன கடையில் அரை நாள் உட்கார்ந்திருந்தும், எல்லாம் சேர்த்து எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதி வாங்க முடியவில்லை. குறிப்பிட்ட ஒரு வண்டிக்கு, வரியும் கட்டணங்களும் சேர்ந்த மொத்தத் தொகையை, கடைக்குள் காலை வைக்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும் என்ற முடிவுக்கு அதன் பிறகுதான் வந்தேன். இங்கே இந்த மொத்தத் தொகையை ‘அவுட்-த-டோர்’ விலை என்கிறார்கள். கீழே உள்ள படிகள் யாவும் அந்த ஒரே எண்ணைப் பெறுவதற்கானவை.

டெஸ்லா சைபர்டிரக், ரிவியன் ஆர்1டி போன்றவற்றை அந்தந்த நிறுவனமே நேரடியாக நிலையான விலைக்கு விற்கிறது. அங்கே பேச இடமில்லை. ஃபோர்டு, ஷெவ்ரொலே, ராம், டொயோட்டா, நிஸான் போன்றவற்றை டீலர் வழியாகத்தான் வாங்க வேண்டும். இந்தக் கட்டுரை அப்படி டீலர் வழியாக வாங்குபவர்களுக்கானது.

1. எந்த வண்டி என்பதைக் கறாராக முடிவு செய்யுங்கள்

ஒரே பெயருள்ள பிக்கப்பில் அடிப்படை ரகத்துக்கும் உச்ச ரகத்துக்கும் இடையே விலை இரட்டிப்பாகிவிடும். ஃபோர்டு எஃப்-150 எக்ஸ்எல்லும் எஃப்-150 பிளாட்டினமும் பெயரளவில்தான் ஒன்று. கேபின் அளவு, பின்தொட்டியின் நீளம், எஞ்சின், இருசக்கர இயக்கமா நான்கு சக்கர இயக்கமா, இழுவைப் பொருத்தங்கள் உண்டா இல்லையா என்பதையெல்லாம் முடிவு செய்யாமல் போனால், கடையில் நிற்கும் விலை உயர்ந்த வண்டியை நோக்கி உங்களை நகர்த்துவது விற்பனையாளருக்கு மிக எளிது.

சுமை ஏற்றும் தேவை இருந்தால் விளம்பரத்தில் வரும் எண்ணை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் குறிப்பிட்ட ஒரு கேபின், எஞ்சின், அச்சு விகிதம் சேர்ந்த வண்டிக்கு மட்டும் பொருந்தும் உச்ச அளவு. ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சிறிய தாளில், ஆட்களும் சரக்கும் சேர்ந்து எத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அந்த வண்டிக்கே உரிய எண் இருக்கும், அதுதான் கணக்கு. ஆடம்பர வசதிகள் கூடக் கூட வண்டியின் சொந்த எடை ஏறி இந்த எண் குறையும் என்பதை விற்பனையாளர் தாமாகச் சொல்வது அரிது.

வீட்டுக் கராஜையும் அளந்துகொள்ளுங்கள். நான்கு கதவுக் கேபினும் ஐந்தரை அடித் தொட்டியும் கொண்ட முழு அளவு பிக்கப் 19 அடிக்கு மேல் நீளும். கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்: அங்கே சொந்த உபயோகத்துக்கு வாங்கினாலும் பிக்கப் பொதுவாக வணிக வாகனத் தகட்டோடுதான் பதிவாகிறது, எடைக்கான கட்டணமும் ஆண்டுதோறும் உண்டு.

2. ஜன்னல் தாளைப் படியுங்கள்

ஜன்னலில் ஒட்டியிருக்கும் தாளில் அடிப்படை விலை, ஆலையில் பொருத்திய கூடுதல் வசதிகள், ஆலையிலிருந்து கடைக்குக் கொண்டுவரும் செலவு, இவற்றின் கூட்டுத்தொகை ஆகியவை இருக்கும். கொண்டுவரும் செலவு முழு அளவு பிக்கப்புகளுக்கு இப்போது 2,000 டாலர் அளவிலோ அதற்கு மேலோ இருப்பது சாதாரணம். அதைத் தனியே குறைக்கச் சொல்லிப் பயனில்லை. ஆனால் கூட்டுத்தொகையில் அது ஏற்கெனவே சேர்ந்துவிட்டதா என்று பாருங்கள். விலைப்புள்ளியில் இரண்டாம் முறை அது எட்டிப் பார்ப்பதுண்டு.

அந்தத் தாளுக்குப் பக்கத்தில் டீலர் ஒட்டிய இன்னொரு தாள் இருந்தால் அங்கேதான் கவனம் வேண்டும். பெயின்ட் பாதுகாப்பு, கண்ணாடியில் வின் எண் (ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக உள்ள அடையாள எண்) பொறித்தல், டயரில் நைட்ரஜன், ‘சந்தை நிலவரத்துக்கேற்ற கூடுதல்’ போன்றவை அதில் வரும். இவை தயாரிப்பாளர் நிர்ணயித்தவை அல்ல. ஏற்கெனவே பொருத்திவிட்டோம், கழற்ற முடியாது என்பார்கள். அப்படியானால் பொருள் இருக்கட்டும், தொகையை நீக்குங்கள் என்பதே நீங்கள் சொல்ல வேண்டிய பதில்.

டீலர் தயாரிப்பாளருக்குச் செலுத்தும் இன்வாய்ஸ் விலையும் பல விலை ஒப்பீட்டுத் தளங்களில் கிடைக்கும். இன்வாய்ஸுக்கே தருகிறேன், எனக்கு லாபமே இல்லை என்று சொன்னால் முழுதும் நம்ப வேண்டியதில்லை. பல தயாரிப்பாளர்கள் ஜன்னல் தாளில் உள்ள விலையில் ஏறத்தாழ 1 முதல் 3 சதவீதத்தை விற்பனைக்குப் பின் டீலருக்குத் திருப்பித் தருகிறார்கள். விற்பனை இலக்கை எட்டினால் ஊக்கத்தொகையும் உண்டு. முழு அளவு அமெரிக்க பிக்கப்புகள் கடை முற்றத்தில் நிறைய நிற்கும் காலத்தில் இன்வாய்ஸுக்குக் கீழே போவது நடக்கக்கூடியதுதான். டொயோட்டா டகோமா போலத் தேவை குறையாத வண்டிகளில் அந்த அளவு இறங்க மாட்டார்கள்.

தாளில் இறுதிப் பொருத்துதல் நடந்த இடத்தையும் பாருங்கள். இதில் உண்மையான பணம் இருக்கிறது. 2025 முதல் 2028 வரையான வரி ஆண்டுகளில், அமெரிக்காவில் இறுதியாகப் பொருத்தப்பட்ட புதிய வண்டியைச் சொந்த உபயோகத்துக்குக் கடனில் வாங்கினால், தகுதியுள்ள வட்டியில் ஆண்டுக்கு 10,000 டாலர் வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். தனிநபருக்கு 100,000 டாலருக்கும், சேர்ந்து தாக்கல் செய்யும் தம்பதிக்கு 200,000 டாலருக்கும் மேல் வருமானம் போகும்போது இச்சலுகை படிப்படியாகக் குறையும். ஃபோர்டு மாவரிக்கும் டகோமாவும் மெக்சிகோவில் தயாராகின்றன; எஃப்-150, டொயோட்டா டன்ட்ரா ஆகியவை அமெரிக்காவில். ஷெவ்ரொலே சில்வராடோ 1500 இந்தியானாவின் ஃபோர்ட் வெய்னிலும் மெக்சிகோவின் சிலாவோவிலும் தயாராவதால், ஒரே முற்றத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டில் ஒன்றுக்குச் சலுகை இருக்கலாம், மற்றதற்கு இல்லாமல் போகலாம். வின் எண் 1, 4 அல்லது 5 என்று தொடங்கினால் அமெரிக்கா, 2 கனடா, 3 மெக்சிகோ.

3. கடனை வெளியே பேசி முடியுங்கள்

டீலரிடம் போகும் முன் ஒரு கிரெடிட் யூனியனிலோ (உறுப்பினர்களுக்கே சொந்தமான கூட்டுறவுக் கடன் நிறுவனம்) வங்கியிலோ கடன் முன்ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வங்கி தரும் வட்டி விகிதத்தின் மேல் டீலர் தம் பங்காக ஒன்று, சில சமயம் இரண்டு சதவீதப் புள்ளி வரை ஏற்றிச் சொல்வது இங்கே வழக்கமான தொழில் நடைமுறை. கையில் வேறொரு ஒப்புதல் இருக்கும்போதுதான் அது வெளியே தெரியும். பல இடங்களில் விண்ணப்பித்தால் கிரெடிட் ஸ்கோர் விழுந்துவிடும் என்ற பயம் நம்மவர்களிடம் அதிகம். வண்டிக் கடனுக்கான விசாரணைகளை 14 நாட்களுக்குள் முடித்துக்கொண்டால் ஸ்கோர் கணக்கிடும் முறைகள் அவற்றைப் பொதுவாக ஒரே விசாரணையாகவே எடுத்துக்கொள்கின்றன.

புதிதாக வந்தவர்கள் தயாராக வைத்திருக்க வேண்டியவை: ஓட்டுநர் உரிமம், சமூகப் பாதுகாப்பு எண், அண்மைய சம்பளச் சீட்டுகள், முகவரிச் சான்று, பாஸ்போர்ட், விசா நிலையைக் காட்டும் ஐ-797 அல்லது ஐ-20. கிரெடிட் வரலாறு குறைவாக இருப்பவர்களுக்கு வேலைக்கான நியமனக் கடிதமும் உதவும். விசா முடியும் தேதிக்குள் கடன் அடைய வேண்டும் என்று கேட்கும் நிறுவனங்கள் உண்டு. ஆகவே முதல் தொலைபேசி அழைப்பிலேயே விசா வகையைச் சொல்லிக் கேட்டுவிடுவது நல்லது.

தயாரிப்பாளர்கள் பல சமயம் குறைந்த வட்டி அல்லது ரொக்கத் தள்ளுபடி, இரண்டில் ஒன்று என்று வைப்பார்கள். மனக்கணக்கில் முடிவு செய்யாதீர்கள். 45,000 டாலரை 1.9 சதவீத வட்டிக்கு 60 மாதம் கட்டினால் தவணை சுமார் 787 டாலர், மொத்தம் சுமார் 47,200. அதே வண்டிக்கு 3,000 டாலர் தள்ளுபடி எடுத்துக்கொண்டு 42,000 டாலரை 6.9 சதவீதத்துக்கு வாங்கினால் தவணை சுமார் 830, மொத்தம் சுமார் 49,800. இந்த எடுத்துக்காட்டில் கையில் வரும் 3,000 டாலரை விடக் குறைந்த வட்டியே லாபம். தள்ளுபடி பெரிதாகவோ கடன் சிறிதாகவோ இருந்தால் விடை மாறும்.

4. எப்போது போவது

டீலர் கடையில் நிற்கும் வண்டிகள் பெரும்பாலும் கடன் பணத்தில் வாங்கியவை. நிற்கும் ஒவ்வொரு நாளும் அவருக்கு வட்டி ஓடுகிறது. எனவே பல மாதம் விற்காமல் நிற்கும் வண்டிக்கே அதிகம் இறங்கி வருவார்கள். ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் உற்பத்தி மாதமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்தால் போதும். மாதக் கடைசி, காலாண்டுக் கடைசி, டிசம்பர் கடைசி வாரம் ஆகியவை இலக்கை எட்டும் அவசரம் உள்ள நாட்கள். அடுத்த ஆண்டு மாடல்கள் வந்து இறங்கியபின் முந்தைய மாடலில் மிஞ்சியவற்றுக்கும் நல்ல விலை கிடைக்கும், நிறத்திலும் வசதியிலும் பிடிவாதம் இல்லாதவராக இருந்தால்.

பென்சில்வேனியா, இல்லினாய், மின்னசோட்டா போன்ற மாநிலங்களில் ஞாயிறன்று வண்டி விற்கக் கூடாது. டெக்சஸில் சனி, ஞாயிறு இரண்டில் ஒரு நாள் மூட வேண்டும். யாரும் பின்னால் வராமல் நிதானமாகக் கதவுத் தாள்களைப் படித்து வின் எண்களைக் குறித்துக்கொள்ள அந்த நாளை விட நல்ல நாள் இல்லை.

5. மின்னஞ்சலில் மொத்த விலை கேளுங்கள்

நேரத்தை எங்கே செலவழிப்பது என்று கேட்டால், இந்தப் படியில் என்பேன். சுற்றுவட்டாரத்தில், முடிந்தால் பக்கத்து மாநிலத்திலும், நீங்கள் தேர்ந்த ரகம் நிற்கும் ஐந்தாறு டீலர்களின் தளங்களிலிருந்து வின் எண்களை எடுத்து, இணைய விற்பனை மேலாளருக்கு எழுதுங்கள். வண்டி வாங்கும் இடத்தைப் பொறுத்தல்ல, பொதுவாக நீங்கள் பதிவு செய்யும் இடத்தைப் பொறுத்தே விற்பனை வரி அமைவதால், தூரத்து டீலரின் விலையையும் உள்ளூர் விலையோடு ஒப்பிட முடியும்.

கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். இந்த வின் எண்ணுள்ள வண்டியை இந்த வாரத்துக்குள் வாங்கத் தயாராக இருக்கிறேன். கடன் ஒப்புதல் கையில் உள்ளது. பழைய வண்டி இந்தக் கணக்கில் இல்லை. என் அஞ்சல் குறியீடு இது. விற்பனை விலை, எனக்குத் தகுதியுள்ள தள்ளுபடிகள், டாக்குமென்ட் கட்டணம், வரி, பதிவுக் கட்டணம் ஆகியவற்றைத் தனித்தனி வரியாகக் காட்டி மொத்த விலையை அனுப்புங்கள். இவ்வளவு போதும். மாதத் தவணை எவ்வளவு வேண்டும் என்று எழுதாதீர்கள். அவர்கள் கேட்டாலும் சொல்லாதீர்கள். 50,000 டாலருக்கு 7 சதவீத வட்டியில் 60 மாதத் தவணை சுமார் 990 டாலர். 84 மாதத்துக்கு நீட்டினால் சுமார் 755. தவணை குறைந்ததைக் கண்டு மகிழும்போது வட்டியில் மட்டும் ஏறத்தாழ 4,000 டாலர் கூடியிருக்கும், வண்டியின் விலையில் ஒரு டாலரும் குறைந்திருக்காது.

பதில்கள் மூன்று விதமாக வரும். சிலர் விலையே சொல்லாமல், நேரில் வாருங்கள், ஓட்டிப் பாருங்கள் என்பார்கள். ஒருமுறை மீண்டும் கேட்டுவிட்டு விட்டுவிடலாம். சிலர் தொலைபேசியில் மட்டும் சொல்வார்கள். எழுத்தில் வராத விலை விலையே அல்ல. மிஞ்சியவர்கள் வரி வாரியாக அனுப்புவார்கள். இவர்களோடுதான் உங்கள் பேச்சு. குறைந்த விலைப்புள்ளியை அடுத்தவருக்கு அனுப்பி, இதைவிடக் குறைத்தால் உங்களிடமே வாங்குகிறேன் என்று கேளுங்கள். ஒரு சுற்று, அதிகம் போனால் இரண்டு. அதற்கு மேல் இழுத்தால் பதில் எழுதுவதை நிறுத்திவிடுவார்கள்.

விலைப்புள்ளியில் பார்க்க வேண்டியவை சில உண்டு. இணையத்தில் காட்டும் விலையில் ராணுவத்தினர், ஏற்கெனவே அதே நிறுவன வண்டி வைத்திருப்பவர், டீலர் மூலம் கடன் வாங்குபவர் என எல்லாருக்குமான தள்ளுபடிகளையும் கழித்திருப்பார்கள். உங்களுக்குக் கிடைப்பது எது என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அண்மையில் பட்டம் பெற்றவர்களுக்கான தள்ளுபடி மாணவ விசாவில் வந்து வேலைக்குச் சேர்ந்தவர்கள் பலருக்குப் பொருந்தக்கூடியது. பலர் அதைக் கேட்பதே இல்லை. ஃபோர்டின் எக்ஸ்-பிளான் போல, கூட்டாளி நிறுவனங்களின் ஊழியர்களுக்கு முன்நிர்ணய விலை தரும் திட்டங்கள் உங்கள் அலுவலகத்தில் இருக்கின்றனவா என்று மனிதவளத் துறையிடம் விசாரியுங்கள். காஸ்ட்கோ உறுப்பினர்களுக்கும் அப்படி ஒரு திட்டம் உண்டு. இவை எப்போதும் மிகக் குறைந்த விலை என்று சொல்ல முடியாது, ஆனால் ஒப்பிடுவதற்கு உறுதியான ஓர் எண்ணாவது கிடைக்கும்.

ஆவண வேலைக்காக டீலர் வாங்கும் டாக்குமென்ட் கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூயார்க்கில் 175 டாலர் என்று உச்சவரம்பு இருக்கிறது. ஃப்ளோரிடாவில் வரம்பே இல்லை. எல்லா வாடிக்கையாளரிடமும் ஒரே மாதிரி வாங்குகிறோம், குறைக்க முடியாது என்றால் அதோடு மல்லுக்கட்டாமல், அதே தொகையை வண்டி விலையில் குறைக்கச் சொல்லுங்கள். மொத்த விலையைப் பேசுவதன் வசதியே இதுதான்.

6. பழைய வண்டி இருந்தால்

புதிய வண்டியின் விலை எழுத்தில் வந்தபிறகே பழைய வண்டியைப் பற்றிப் பேசுங்கள். அதற்கு முன் கார்மேக்ஸ் போன்ற, பழைய வண்டி வாங்கும் இடங்களில் எழுத்துபூர்வமான விலை ஒன்று வாங்கி வைத்திருங்கள். பெரும்பாலான மாநிலங்களில் பழைய வண்டியின் மதிப்பைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் விற்பனை வரி போடுகிறார்கள். எனவே வெளியார் சற்றுக் கூடுதலாகத் தந்தாலும் டீலரிடமே மாற்றுவது லாபமாக இருக்கலாம். கலிஃபோர்னியாவில் அந்தக் கழிவு கிடையாது.

7. ஃபைனான்ஸ் அறை

விலை முடிந்துவிட்டது என்று மனம் தளர்ந்திருக்கும் நேரத்தில் வேறொரு அறைக்கு அழைத்துப் போவார்கள். நீட்டித்த வாரண்டி, கேப் காப்பீடு (வண்டி முழுதும் சேதமானால் அதன் மதிப்புக்கும் மீதிக் கடனுக்கும் உள்ள இடைவெளியை ஈடுசெய்வது), டயர்-வீல் பாதுகாப்பு, முன்கூட்டிச் செலுத்தும் பராமரிப்பு என வரிசையாக வரும். ஒவ்வொன்றும் மாதம் இத்தனை டாலர்தான் என்றே சொல்லப்படும். மொத்தத் தொகை எவ்வளவு, கடனோடு சேர்த்தால் வட்டி எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள். இந்தப் பொருள்களை வாங்கினால்தான் கடன் கிடைக்கும் என்றால், கடன் நிறுவனத்தின் பெயரைக் கேட்டு அவர்களிடமே சரிபார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் பேச்சு மாறிவிடும். முன்பணம் மிகக் குறைவாகவும் கடன் நீளமாகவும் இருந்தால் கேப் காப்பீட்டுக்குப் பொருள் உண்டு, ஆனால் அதே காப்பீட்டை உங்கள் வாகனக் காப்பீட்டு நிறுவனமோ கிரெடிட் யூனியனோ குறைவாகத் தரக்கூடும்.

கடன் ஒப்பந்தத்தில் வட்டி விகிதம், மொத்த வட்டிச் செலவு, கடன் தொகை, மொத்தம் செலுத்த வேண்டியது என்ற நான்கையும் காட்ட வேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம். கடன் தொகையோடு முன்பணத்தைக் கூட்டிப் பாருங்கள். மின்னஞ்சலில் வந்த மொத்த விலையோடு அது ஒத்துப்போகாவிட்டால் எழுந்து வரலாம். கையெழுத்துப் போடும்வரை வண்டி உங்களுடையதல்ல. அதுபோல, போட்ட பிறகு மூன்று நாளுக்குள் திருப்பித் தரலாம் என்ற பரவலான நம்பிக்கை தவறு. கூட்டாட்சி அளவில் உள்ள அந்த விதி டீலர் கடையில் வாங்கும் வண்டிகளுக்குப் பொருந்தாது.

கடன் ஒப்புதல் இன்னும் முழுமையாகவில்லை, இருந்தாலும் வண்டியை இன்றே எடுத்துப் போங்கள் என்பதற்கு உடன்படாதீர்கள். சில நாள் கழித்து, ஒப்புதல் கிடைக்கவில்லை, வட்டி கூடும், புதிதாகக் கையெழுத்திடுங்கள் என்று அழைப்பு வரும். கிரெடிட் வரலாறு குறைவாக உள்ள புதியவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள்.

8. சாவி வாங்கும் நாள்

காப்பீட்டை அன்று காலையிலேயே வின் எண்ணோடு எடுத்துவிடுங்கள். கடன் இருந்தால் மோதல் சேதத்துக்கும் பிற சேதங்களுக்கும் சேர்த்த முழுக் காப்பீட்டை நிறுவனம் கேட்கும். வெளிச்சம் இருக்கும் நேரத்தில் போங்கள். மின்னஞ்சலில் பேசிய வின் எண்தானா, ஓடிய மைல்கள் எத்தனை, பின்தொட்டியில் கீறல் உண்டா, இழுவை இணைப்பும் மின்சொருகியும் ஜன்னல் தாளில் உள்ளபடி இருக்கின்றனவா, இரண்டு சாவிகள் வந்தனவா என்று பாருங்கள். பிறகு செய்து தருகிறோம் என்று எதைச் சொன்னாலும் மேலாளர் கையெழுத்துடன் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

விற்பனை ஒப்பந்தம், கடன் ஒப்பந்தம், ஜன்னல் தாள், தள்ளுபடிப் படிவங்கள் ஆகியவற்றின் நகல்களை வரிக் கோப்பிலேயே வையுங்கள். வட்டிக் கழிவு கோரும்போது வின் எண்ணையும் குறிப்பிட வேண்டும். தற்காலிகத் தகட்டின் காலாவதித் தேதியை நாட்காட்டியில் குறித்து, அதற்கு இரண்டு வாரம் முன்பே நிரந்தரத் தகடு வரவில்லை என்றால் டீலரின் பதிவுப் பிரிவை அழையுங்கள். ஃபைனான்ஸ் அறையில் மனமில்லாமல் சேவை ஒப்பந்தம் எதையாவது ஏற்றுக்கொண்டிருந்தால், அதை ரத்து செய்யும் விதிகள் அந்த ஒப்பந்தத்திலேயே இருக்கும். முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் ஆரம்பக் காலம் முடிவதற்குள் எழுத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். அந்தத் தொகை பெரும்பாலும் உங்கள் கைக்கு வராமல் கடன் கணக்கில்தான் வரவாகும். மாதத் தவணை மாறாது, கடன் முடியும் நாள் மட்டும் முன்னே வரும்.